குளம்பில் இறங்கிய கோடு

2024 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து லாயத்துக்குப் போனபோது ராணி இடது முன்னங்காலை ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தாள். குளம்பின் நுனி மட்டும் மரத்தூளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. காலையில் வைத்த தீனி அப்படியே கிடந்தது. என்னைக் கண்டால் கதவுவரை வந்து சட்டைப் பையை மோந்து பார்ப்பவள், அன்று கழுத்தை மட்டும் திருப்பினாள்.

குனிந்து குளம்பைத் தொட்டேன். சூடு. மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தேன், அவை எப்போதும்போல்தான் இருந்தன. குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கம் இரண்டு விரலை வைத்தால் நாடி தெரியும். நன்றாக இருக்கும் குதிரையிடம் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று விரல் பட்டதுமே முட்டியது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“கடைசியா எப்ப லாடம் மாத்தினே?” என்றுதான் முதலில் கேட்டார்.

எட்டு வாரம் ஆகியிருந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வருடக் கடைசி, செலவு அதிகம், மழை வேறு விடாமல் பெய்கிறது, அவள் ஓடுவதும் குறைவுதான், இரண்டு வாரம் போனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நானேதான் தள்ளிப்போட்டேன். லாயத்துக்காரர்கள் கேட்டார்கள், நான்தான் பிறகு பார்க்கலாம் என்றேன். அந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் குதிரைக்காரராக இருந்தவர். இங்கே சிங்கப்பூரில் அந்த வேலைக்கு ‘சைஸ்’ என்று பெயர். முதலில் புக்கித் தீமா பந்தயத் திடல். பிறகு பந்தயம் கிராஞ்சிக்கு மாறியபோது அவரும் கூடவே போனார். ராணி நியூசிலாந்தில் பிறந்து, கிராஞ்சியில் ஓடி, ஓட்டம் முடிந்தபின் சவாரிக் குதிரையானவள். பந்தயத்தில் அவளுக்கு வேறு பெயர். ராணி என்பது நாங்கள் வைத்தது. அவளுடைய செலவில் பாதி என்னுடையது. வாரத்தில் மூன்று நாள் கவனிப்பதும் என் பொறுப்பு. இதெல்லாம் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஆசை.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். எலும்பிலோ தசைநாரிலோ அடியில்லை, உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்றார். குதிரைக்கு வில்வாதம், அதாவது டெட்டனஸ், எளிதில் வரும் என்பதால் அதற்கான ஊசியைச் சரிபார்த்துப் போட்டார். பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர், சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ஈப்போவில் லாடத் தொழில் பழகி இங்கே வந்தவர். வேனின் பின்கதவைத் திறந்து, தோல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ராணியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காலைத் தூக்கினார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

“ஆணி ரெண்டு லூசும்மா. லாடம் நகர்ந்திருக்கு. இந்த இடத்துல வாய் பொளந்திருக்கு பாரு.”

கத்தி முனையால் காட்டிய இடத்தில் குளம்புச் சுவரும் அடித்தளமும் சேரும் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. மிளகளவுகூட இல்லை. அந்த வழியாகத்தான் மணலும் ஈரமும் உள்ளே போயிருக்கின்றன.

குளம்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்தப் புள்ளியின் கனம் புரியும். குதிரை நிற்பது ஒரே ஒரு விரலில். நம் கையில் நடுவிரல் எதுவோ அதுதான் அதற்குக் கால். முன்னங்காலில் முட்டி என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. விரலின் கடைசி எலும்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் நகம்தான் குளம்பு. 450, 500 கிலோ உடம்பு, அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்னங்கால்கள் இரண்டின் மேல். நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் தரையில் படும் கணத்தில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குவரை அந்த ஒற்றை நகம் தாங்குகிறது.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று. உள்ளே இருக்கும் எலும்பு, குளம்பின் அடித்தளத்தில் செருப்புக்குள் கால் போல உட்கார்ந்திருக்கவில்லை. சுவரிலிருந்து தொங்குகிறது. சுவரின் உட்புறம் முழுக்க காளானின் அடிப்பக்க மடிப்புகள் மாதிரி மெல்லிய இதழ்கள், 550 முதல் 600 வரை. ஒவ்வொன்றிலும் இன்னும் நுண்ணிய இதழ்கள் நூற்றுக்கு மேல். எலும்பைச் சுற்றியிருக்கும் சதையிலும் அதே மாதிரி இதழ்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு அத்தனை எடையையும் பிடித்து நிறுத்துகின்றன. அந்தப் பிடி வீங்கித் தளர்ந்துபோகும் நோய்தான் லாமினைட்டிஸ். எலும்பு கீழே இறங்கிவிட்டால் குதிரையைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ராணிக்கு வந்தது அதுவல்ல, நல்லவேளை. ஆனால் குளம்புச் சுவர் விரியாத சுவர். உள்ளே ஒரு துளி சீழ் சேர்ந்தாலும் அது வீங்க இடமில்லை. நகக்கண்ணில் சீழ் வைத்துத் தூங்காமல் கிடந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அந்த நகத்தின் மேலேயே ஏறி நிற்க வேண்டும் என்றால்?

சித்தப்பா லாடத்தைக் கழற்றினார். வெளிப்பக்கம் மடித்திருந்த ஆணி முனைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஆணிகளை ஒவ்வொன்றாகவே பிடுங்கினார். மொத்தமாக நெம்பினால் சீக்கிரம் முடியும், ஆனால் அது வலியோடு நிற்கும் காலை நெம்புவது. பிறகு பெரிய இடுக்கி மாதிரி ஒரு கருவியால் அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் ராணி காலை உதறினாள். அங்கே கத்தியால் கொஞ்சம் சுரண்டினார். கறுப்பாகத் தண்ணீர் மாதிரி இரண்டு சொட்டு வந்தது, அவ்வளவுதான்.

“இன்னும் தோண்டலாம். ஆனா நல்ல எடத்தையும் சேர்த்துத் தோண்டிடுவேன். வேணாம். ஊற வை, அது வழிய அதுவே பாத்துக்கும்.”

அடுத்த நான்கு நாள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்தேன். ரப்பர் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் எப்சம் உப்பு, காலை மாலை இருபது நிமிடம் அவளுடைய காலை அதில் வைத்து நிற்க வைப்பேன். பிறகு துடைத்துக் காயவைத்து, மருந்துப் பற்றுப் போட்டு, அதன் மேல் குழந்தைக்குக் கட்டும் டயாப்பர், அதற்கும் மேல் வெள்ளி நிற டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த ஒரு செருப்பு. பெரிய அளவு டயாப்பர்தான் குதிரைக் குளம்புக்குச் சரியாக இருக்கும். தேக்காவில் இரண்டு பொட்டலம் வாங்கியபோது கடைக்கார அக்கா “எத்தனை மாசம்?” என்று கேட்டார். பதினான்கு வயது என்று சொல்ல வாய் வரவில்லை, சிரித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவள் நான்கு காலிலும் நின்றாள். குளம்பும் மயிரும் சேரும் விளிம்பில், சற்று இடப்பக்கமாக, ஈரமாக ஒரு பிளவு. இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். கீழே போக வழியில்லாத சீழ், சுவருக்கும் சதைக்கும் நடுவில் ஏறி மேலே உடைத்துக்கொண்டு வந்திருந்தது. வாடை தாங்கவில்லை. ஆனால் அந்த நாற்றத்தை மோந்துகொண்டு நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். தீவனத் தொட்டி காலியாக இருந்தது.

சித்தப்பா அன்று மாலை வந்து பிளவைப் பார்த்தார். கட்டைவிரலைக் குளம்பின் மேல் விளிம்பில் வைத்து, தரைவரை மெதுவாக இழுத்தார். “இது இப்ப ஒரு கோடாகும். இங்கருந்து இங்க வந்து விழ பத்து மாசம் ஆகும். அதுவரைக்கும் நீ பாத்துக்கிட்டேதான் இருக்கணும்.”

குளம்பு மாதத்துக்கு ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் வளரும். வளர்ச்சி முழுக்க மேல் விளிம்பிலிருந்து. முன்பக்கம் முழுதாகப் புதுப்பிக்க ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். காய்ச்சல் வந்தால், தீவனம் சட்டென்று மாறினால், நீண்ட தூரம் கப்பலிலோ விமானத்திலோ வந்தால், அது ஒரு வளையமாகக் குளம்பில் பதிந்துவிடும். தெரிந்த ஆள் குளம்பைப் பார்த்து ஏறத்தாழ மாதத்தைச் சொல்லிவிடுவார். ஒருமுறை வேறொரு குதிரையின் காலைத் தூக்கிய சித்தப்பா, “ஆறு மாசத்துக்கு முன்னாடி இதுக்கு ஒடம்பு முடியலயா?” என்று கேட்டு, அதன் சொந்தக்காரர் முகம் மாறியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோட்டோடு ஒரு வருடம் இருந்ததில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றி. சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அது போதாதென்று நாமும் ஊற்றுகிறோம். சவாரி முடிந்தால் குளியல், வெயிலுக்கு இன்னொரு குளியல், தரையைக் கழுவ ஒரு தடவை. ஊறிய குளம்பு மென்மையாகும், காங்கிரீட்டில் நின்று காய்ந்தால் சுருங்கும், மறுபடி ஊறும். இப்படி விரிந்து சுருங்கி ஆணித் துளைகள் பெரிதாகி, ஆணி தானாகத் தளரும். நம் ஊர் மரக்கதவுகள் மழைக்காலத்தில் இறுகிப் பிறகு தளர்வதைப் போலத்தான். பந்தய வம்சத்துக் குதிரைகளுக்குச் சுவரும் அடித்தளமும் பெரும்பாலும் மெல்லிசு, அவற்றுக்கு இது இன்னும் சிரமம். பளபளவென்று எண்ணெய் தடவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். அதற்குச் சித்தப்பா சொன்ன பதில்: “எண்ணெய் போட்டோவுக்கு நல்லாயிருக்கும். நீ காலைக் கழுவறதக் கொறை.”

இன்னொன்று அழுகல். குளம்பின் அடியில், குதிகால் பக்கம் ஆப்பு வடிவத்தில் ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும். ஆங்கிலத்தில் அதற்குத் தவளை என்றே பெயர், சித்தப்பாவும் தவளை என்றுதான் சொல்வார். குதிரை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தப் பகுதி அழுந்தி, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளவும் உதவுகிறது. அதன் இரண்டு ஓரத்திலும் பள்ளம். சாணமும் ஈரமும் அதில் அடைத்துக்கொண்டால் காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். கறுப்பாகக் கசியும், ஒருமுறை மோந்தால் மறக்க முடியாத நாற்றம். இதற்குக் கைமருந்தும் எளியதுதான்: தினமும் கொக்கியால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, உலர்த்தி, தேவைப்பட்டால் நீர்த்த அயோடினோ மயில்துத்தமோ தொட்ட பஞ்சு. ஆனால் ‘தினமும்’ என்ற சொல்தான் கடினம். மழை கொட்டும் மாலையில், கொசு கடிக்க, 450 கிலோ மிருகத்தின் காலை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தைத் தோண்ட வேண்டும். நான்கு காலுக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது. முன்பு அந்தப் பத்து நிமிடத்தைப் பல நாள் நான் கொடுக்கவில்லை. அந்த ஜனவரிக்குப் பிறகு என் முறை வந்த ஒரு நாளும் விட்டதில்லை.

குளம்பு உலர்ந்து வலி முழுதும் போனபின், பிப்ரவரியில் ராணிக்கு மறுபடி லாடம் அடித்தார்கள். அன்றுதான் அந்த வேலையை முதன்முறை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். அதற்குமுன் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் சித்தப்பா அவளை நடக்க விட்டுப் பார்த்தார். போக, வர, பக்கவாட்டில். கால் எந்தப் பக்கம் முதலில் இறங்குகிறது, குதிகாலா நுனியா என்று. பழைய லாடத்தைக் கையில் திருப்பி எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்தார். அதன்பிறகுதான் குனிந்தார். முன்னங்காலைத் தன் இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முதுகை மடித்து, தலையைக் குதிரையின் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. அறுபதைத் தாண்டிய முதுகு. செத்த தோலைக் கத்தியால் சீவினார், வளர்ந்த விளிம்பை இடுக்கியால் நறுக்கினார், அரத்தால் சமன் செய்தார். ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கிக் கண் மட்டத்தில் வைத்து, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். லாடத்தைப் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டி, குளம்பில் வைத்து, மறுபடி தட்டி. குளம்புக்குத் தக்கபடி லாடம் வளைய வேண்டும், லாடத்துக்குத் தக்கபடி குளம்பை அராவக் கூடாது. இதில் மட்டும் அவர் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

பிறகு ஆணி. லாட ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் சாதாரண ஆணிதான். கூர்ந்து பார்த்தால் முனையில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவியிருக்கும். தலையின் ஒரு பக்கத்தில் அடையாளம் பொறித்திருப்பார்கள். அந்த அடையாளம் உள்பக்கம், தவளையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்படி வைத்து அடித்தால் சாய்வின் காரணமாக ஆணி தானாகவே வெளிப்பக்கம் வளைந்து, உணர்ச்சியில்லாத சுவர் வழியாகப் போய், லாடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே வெளியே வரும். திருப்பி வைத்து அடித்தால் உள்ளே சதைக்குள் போகும். கவனம் தப்பும் ஒரு கணத்துக்கும் நொண்டிக் குதிரைக்கும் இடையில் இருப்பது அந்தச் சின்னப் பொறிப்பு மட்டும்தான். இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். சித்தப்பா அப்படித்தான் செய்கிறார், பார்ப்பதே இல்லை.

“சத்தத்தக் கேளு,” என்றார். சுத்தியல் விழும்போது ஆணி கெட்டியான சுவருக்குள் போனால் ஒவ்வொரு அடிக்கும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகக் கணீரென்று ஏறும். மென்மையான இடத்துக்குள் போனால் பொத்தென்று அமுங்கும். அமுங்கினால் அந்த ஆணியைப் பிடுங்கிவிடுவார். இடது முன்னங்காலில் ஆறு ஆணி. இரண்டை வழக்கமான இடத்தில் அடிக்காமல் தள்ளி அடித்தார். ஏன் என்று கேட்டேன். பிளவு இறங்கி ஆணி மட்டத்துக்கு வரும்போது அந்த இடத்துச் சுவர் பெயர்ந்துவிடலாம். இப்போதிருந்தே அங்கே துளை போடாமல் பழக்க வேண்டும் என்றார். இன்னும் எட்டு மாதம் கழித்து வரப்போவதற்குப் பிப்ரவரியில் ஆணியை நகர்த்தியது எனக்குப் பிடித்திருந்தது.

லாடம் என்றதும் நம்மவர்களுக்கு மாடுதான் நினைவுக்கு வரும். அப்பாவுக்கும் அப்படித்தான். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. சந்தைத் திடலில் மாட்டைக் கயிற்றால் சாய்த்துப் படுக்கவைத்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி அடிப்பார்கள். குதிரைக்கு நின்றபடி. “மாட்ட கட்டிப்போட்டு அடிக்கலாம். குதிரை சம்மதிச்சாதான் அடிக்க முடியும்” என்பார் அப்பா. அவர் குதிரைக்காரராக இருந்த காலத்தில் லாடம் அடிக்கும்போது தலைப்பக்கம் நின்று குதிரையைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பது அவர் வேலை. தமிழில்தான் பேசுவாராம். ஆஸ்திரேலியாவில் பிறந்த குதிரைகள் தமிழ் கேட்டு அமைதியாக நின்றிருக்கின்றன.

ராணி தேறிவந்த நாட்களில் அப்பாவும் நானும் ஞாயிறு காலை ரேஸ் கோர்ஸ் சாலையில் இட்லி சாப்பிடப் போவோம். அந்தப் பெயர் ஏன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதில்லை. 1842-ல் இங்கே குதிரைப் பந்தயச் சங்கம் தொடங்கினார்கள், அடுத்த வருடமே ஃபேரர் பார்க் திடலில் பந்தயம். புக்கித் தீமாவுக்கு 1933-ல் மாறும்வரை தொண்ணூறு வருடம் குதிரைகள் ஓடியது அங்கேதான். சிங்கப்பூரில் முதல் விமானம் 1911-ல் பறந்ததும், 1942-ல் ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களைத் திரட்டியதும் அதே திடல். பக்கத்தில் எருமைச் சாலை, கெர்பாவ் சாலை, எல்லாம் கால்நடைகளின் பெயர்கள். திடலுக்குப் பெயர் தந்த ஃபேரர் 1920-களில் நகராட்சித் தலைவராக இருந்தவர். அந்தக் குடும்பப் பெயருக்கு இடைக்கால ஆங்கிலத்தில் இரும்பு வேலை செய்பவர், லாடம் அடிப்பவர் என்று பொருள். யாரும் யோசித்து வைத்ததில்லை, தற்செயல்தான். ஆனாலும் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் சுத்தியல் ஞாபகம் வருகிறது.

நம் பக்கக் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போய், கொண்டுபோன பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகர் கதை எல்லோருக்கும் தெரியும். நரி பரியாகி, பரி மறுபடி நரியானது. குதிரை அந்த நாட்டில் கடல் கடந்து வர வேண்டிய, பொன் கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். பாண்டிய அரசன் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, காரணம் அங்கே லாடம் அடிப்பவர்கள் இல்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் லாடக்காரரும் குதிரை வைத்தியரும் பெரும்பாலும் ஒரே ஆள். அதோடு மார்கோ போலோ விடவில்லை: குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரர்களை அந்த நாட்டுக்குப் போகவிடுவதில்லை என்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம். எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன். இட்லியைப் பிட்டபடி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தீனிக்கு வழியிருந்துச்சு, காலப் பாக்க ஆளில்ல” என்றார்.

அந்த மண்ணிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் இங்கே சைஸ்களாக, லாடக்காரரின் உதவியாட்களாக, விடிகாலை நாலு மணிக்கு லாயத்து விளக்கைப் போடுபவர்களாக இருந்தார்கள். மலாய்க்காரர்களும் இந்தோனேசியாவின் பாவியான் தீவுக்காரர்களும் அவர்களோடு இருந்தார்கள். பந்தயப் பக்கத்தில் எப்போதும் குதிரையின் பெயர், ஜாக்கியின் பெயர், பயிற்சியாளரின் பெயர். அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தவர் பெயர் எங்கேயும் வந்ததில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

2023 ஜூன் 5 அன்று கிராஞ்சித் திடலை மூடப்போவதாக அறிவித்தார்கள். நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் போகும், வீடுகள் வரும். இந்த ஊரில் நிலம் எவ்வளவு அரிது என்பது அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும், அதைக் குறைசொல்ல வரவில்லை. 2024 அக்டோபர் 5 சனிக்கிழமை கடைசிப் பந்தயம். அப்பாவை அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். எல்லோரும் இருக்கையில் இருந்து ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா குதிரைகள் அணிவகுத்து நடக்கும் வட்டத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு குதிரையும் கடக்கும்போது அவர் கண் கீழேதான் இருந்தது. அலுமினிய லாடங்கள், பந்தயத்துக்கு அடிப்பவை, ஒன்று நூறு கிராம் அளவுதான் இருக்கும், வெயிலில் மின்னின. “எல்லாம் புதுசா அடிச்சிருக்காங்க” என்றார். கடைசி நாள், மறுநாள் ஓட வேண்டியதில்லை, ஆனாலும் புதிய லாடம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது.

அன்று ராணியின் கோடு தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அன்று தையல் டேப்பால் அளந்து எழுதி வைத்திருந்தேன். கோட்டுக்குக் கீழே பழைய குளம்பு, வறண்டு, சின்னச் சின்னப் பள்ளங்களோடு. கோட்டுக்கு மேலே வழவழவென்று ஒரே சீராக இறங்கிய சுவர். தடவினால் வித்தியாசம் விரலிலேயே தெரியும். சித்தப்பா முன்பே சொன்னதுபோல், செப்டம்பரில் கோட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சில்லு பெயர்ந்தது. அங்கே ஆணி இல்லாததால் லாடம் அசையவில்லை.

கிராஞ்சி மூடியபின் சித்தப்பாவுக்கு வேலை பாதியாகிவிட்டது. மீதிச் சவாரி லாயங்களும் போலோ குதிரைகளும் இருக்கின்றன. அவரோடு வேலை பழகிய இரண்டு பையன்கள் மலேசியாவுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த வேலையை இரண்டு மூன்று வருடம் பக்கத்தில் நின்று பழகினால்தான் கை வரும். பழக வேண்டுமானால் குதிரைகள் நிறைய வேண்டும். “ஒரு வாரத்துக்கு நூறு கால் தூக்கினவன் கையும், பத்து கால் தூக்கறவன் கையும் ஒண்ணில்லம்மா” என்றார். நான் பதில் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவர் வரும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். லாடம் அடிக்க எனக்குத் தெரியாது, இனி பழகவும் முடியாது. ஆனால் பழைய ஆணியை நிமிர்த்திக் கழற்ற வரும். அரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும். ஆணியை எடுத்துக் கொடுக்கும்போது பொறிப்பு உள்பக்கம் இருக்கும்படி கொடுக்கிறேன்.

நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை வந்தார். காலையிலிருந்து மழை, லாயத்துத் தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. அப்பாவும் வந்திருந்தார், ராணியின் தலைப்பக்கம் நின்று, கன்னத்தைச் சொறிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் லாடத்தைக் கழற்றினேன். சித்தப்பா இடுக்கியை எடுத்தார். எப்போதும்போல் குதிகாலிலிருந்து தொடங்கி, நறுக் நறுக்கென்று நகர்ந்து, முன்பக்கம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நறுக்கினார். பிறை மாதிரி ஒரு துண்டு தரையில் விழுந்தது, நடுவில் கறுப்பாக அந்தப் பிளவு.

குனிந்து எடுக்கலாம் என்று நினைத்தேன். லாயத்து நாய்க்குக் குளம்புத் துண்டு என்றால் உயிர். சித்தப்பாவின் வேன் உள்ளே வந்ததிலிருந்தே வாசலில் காத்திருந்தது. நான் கை நீட்டுவதற்குள் வந்து கவ்விக்கொண்டு, மழை படாத மூலைக்குப் போய்ப் படுத்துக் கடிக்க ஆரம்பித்தது. சித்தப்பா அடுத்த காலைத் தூக்கினார்.